பெரிய குடலிறக்கம்: அறுவை சிகிச்சைக்கு முந்திய வாரங்கள்

குடலிறக்கம் என்றதும் பலர் நினைப்பது தொடை இடுக்கில் தோன்றும் சிறு புடைப்பைத்தான். முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்த தழும்பு பலவீனமாகி, அதன் வழியே குடல் பிதுங்கி நிற்பது வேறு வகை. தசைகளுக்கு இடையிலான திறப்பு 10 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒருமுறை சரிசெய்த பிறகும் திரும்ப வந்தாலோ அதைச் சிக்கலான குடலிறக்கம் என்கிறார்கள். இதற்கு மருத்துவர் உடனே தேதி தராமல் இரண்டு மூன்று மாதங்கள் தள்ளிவைத்தால் குடும்பத்தார் கலங்குவது இயல்பு. உண்மையில் சிகிச்சை அப்போதே தொடங்கிவிடுகிறது.

முதலில் சிடி ஸ்கேன். திறப்பின் அகலம், இருபக்கத் தசைகளின் நிலை, வெளியே வந்துள்ள குடலின் அளவு ஆகியவற்றை அதில் கணக்கிடுவார்கள். குடல் பல ஆண்டுகள் வெளியே தங்கிவிட்டால் வயிற்றறை சுருங்கிப்போகும். உள்ளுறுப்புகளில் ஏறக்குறைய கால் பங்கு வெளியே இருக்கும்போது அவற்றை ஒரேயடியாக உள்ளே தள்ளித் தைத்தால் வயிற்றழுத்தம் ஏறும். நோயாளிக்கு மூச்சு முட்டும். சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறையும்.

அதனால் சிலருக்கு முன்கூட்டியே தசையைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே போட்டுலினம் மருந்தை, சுமார் 4 வாரங்களுக்கு முன்பு வயிற்றின் பக்கவாட்டுத் தசைகளில் ஊசியாகப் போடுவார்கள். வயிற்றறைக்குள் குழாய் வழியே சிறிது சிறிதாகக் காற்றேற்றி இடத்தைப் பெருக்குவது இன்னொரு வழி. அர்ஜென்டினாவின் இவான் கோஞி மொரேனோ 1940களிலேயே அறிமுகப்படுத்திய உத்தி அது.

மற்றவை நோயாளியின் கையில். புகைப்பதைக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே அடியோடு நிறுத்த வேண்டும். "ஒன்றிரண்டுதான்" என்று மறைப்பவர்கள் தங்களைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி அளவு 8 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி பல மருத்துவர்கள் கேட்பார்கள். காரணம், உள்ளே வைக்கும் வலையில் கிருமி தொற்றினால் அதை எடுக்க மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எடையைக் குறைக்கச் சொன்னார்கள் என்று பட்டினி கிடப்பதும் தவறு. புரதம் போதாவிட்டால் காயம் ஆறாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கக் கூடாது. புடைப்பு திடீரென இறுகி, கடும் வலியும் வாந்தியும் வந்தாலோ, வாயு பிரிவதும் மலம் கழிவதும் நின்றாலோ, மேல்தோல் சிவந்து கறுத்தாலோ, குடல் நெரிபட்டிருக்கக்கூடும். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.