பச்சைத் தேயிலை பிறந்த மலைகள்



பினாங்கிலுள்ள ஆயர் ஈத்தாமுக்குப் போனவர்கள் கெக் லோக் சி கோயிலைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்த பியாவ் லியன் என்னும் துறவியின் முயற்சியால் 1890-களில் எழத் தொடங்கிய கோயில் அது. அதன் ஏழடுக்குக் கோபுரம் 1930-ஆம் ஆண்டு முடிந்தது. கோயிலின் அடிவாரத்துக் கடைகளில் சீனர்கள் ஹொக்கியனில் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். ‘தே’ என்ற சொல் காதில் விழும். நம் தேயிலையிலும் தேநீரிலும் நிற்கும் ‘தே’ அதுவேதான். ஃபூஜியன் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய அச்சொல்லே மலாயில் ‘தே’ ஆயிற்று. டச்சு வணிகர் வழியாக ஆங்கிலத்தில் ‘டீ’ ஆயிற்று. தரை வழியே போனது ‘சா’ என்னும் வேறொரு சீனச் சொல். வட இந்தியரின் ‘சாய்’ அதிலிருந்து வந்தது.

ஆயர் ஈத்தாம் என்றால் கருநீர் என்று பொருள். இன்று நாம் பேசப்போவதோ பச்சைத் தேநீர்.

செடியிலிருந்து கிள்ளிய கொழுந்தைத்தான் நம்மவர் ‘பச்சை’ என்பார்கள். நான் சொல்வது காய்ந்து பக்குவமான பின்னும் பசுமை மாறாத தேயிலை. இதற்கென்று தனிச் செடி கிடையாது. கேமரன் மலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப் படவைத்துப் பழுப்பாக விடுகிறார்கள். அது கறுப்புத் தேயிலை. கிள்ளிய கொழுந்தைப் பழுக்கவிடாமல் உடனே சூடான இரும்புக் குவாலியில் வாட்டியோ ஆவியில் வேகவைத்தோ எடுத்தால் பச்சைத் தேயிலை. சூடு பட்டதும் இலையைப் பழுப்பாக்கும் பொருள் செயலிழந்துவிடுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

உயர்ந்த மலையில் விளைந்ததற்கு மட்டும் ஏன் அத்தனை மதிப்பு? அங்கே குளிர் அதிகம். பாதி நாள் மேகம் மூடியிருக்கும். செடி மெதுவாக வளர்கிறது. துவர்ப்புத் தரும் பொருள் குறைந்து, இனிப்பும் மணமும் தரும் பொருள் இலையில் தங்குகிறது. சீனர்கள் கல்லறைக்குச் சென்று முன்னோரை வணங்கும் செங் பெங் நாளை நீங்கள் அறிவீர்கள். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வரும் அந்த நாளுக்கு முன் கிள்ளிய கொழுந்துக்குத்தான் விலை மிகுதி. கொழுந்து எடுத்துப் பழகியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்: கைகள் குளிரில் விறைத்திருக்கும் வேளையில், கூடை நிறையாத வேலை.

இந்த மலைத் தேயிலையின் பழைய வரலாறு சீனாவின் மேற்கிலுள்ள சிச்சுவான் நாட்டில் தொடங்குகிறது. அங்குள்ள மெங்டிங் மலையில் வூ லிஜென் என்பவர் கி.மு. 53-ஆம் ஆண்டில் ஏழு செடிகளை நட்டார் என்பது சீனரின் மரபுக் கதை. அதைவிட எனக்குப் பிடித்தது ஓர் ஏட்டுச் சான்று. கி.மு. 59-ஆம் ஆண்டில் அதே சிச்சுவானில் வாங் பாவ் என்ற புலவர் ஓர் அடிமையைக் கள் வாங்கிவர ஏவினார். “என்னை வாங்கிய சீட்டில் அந்த வேலை எழுதப்படவில்லை” என்று அவன் மறுத்தான். சினம் கொண்ட புலவர் அவனை விலைக்கு வாங்கி, விடியல் முதல் நள்ளிரவு வரை செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் நீண்ட ஒப்பந்தமாக எழுதினார். தேநீர் காய்ச்ச வேண்டும், ஊயாங் என்ற ஊருக்குப் போய்த் தேயிலை வாங்கி வர வேண்டும் என்பவையும் அதில் உண்டு. அடிமை அழுதான் என்று முடிகிறது அது. வேடிக்கைக்காக எழுதப்பட்டதாம். தேயிலை விலைக்கு விற்கப்பட்டதைச் சொல்லும் மிகப் பழைய ஏடுகளில் இதுவும் ஒன்று என்பது அறிஞர் கருத்து. 1910-ஆம் ஆண்டு வரை மலாயாவில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களின் வழிவந்த நமக்கு இதில் வேடிக்கை அதிகம் தெரியாது.

எட்டாம் நூற்றாண்டில் லூ யூ தேயிலைக்கென்றே நூல் எழுதினார். அக்காலத்தில் இலையை வேகவைத்து, இடித்து, கட்டிகளாக அச்சிட்டு உலர்த்தினார்கள். பிற்கால அரண்மனைக்கு அனுப்பிய கட்டிகளில் கடல்நாகச் சின்னம் பதிக்கும் அளவுக்கு வேலைப்பாடு கூடியது. 1391-ஆம் ஆண்டு மிங் பேரரசர் ஹொங்வூ, இது மக்களின் உழைப்பை மிகவும் வாட்டுகிறது என்று கூறிக் கட்டித் தேயிலையை நிறுத்தினார். உதிரிக் கொழுந்தாகவே அனுப்பினால் போதும் என்றார். அவர் ஏழை உழவர் வீட்டில் பிறந்து, பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, மடத்தில் சோறு தின்று வளர்ந்தவர். பிற்காலத்தில் கடுமையான அரசர்தான். ஆனாலும் இந்த ஆணையை மறக்கக்கூடாது. இன்று கடையில் உதிரி இலையாகப் பச்சைத் தேயிலை கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பச்சையும் கறுப்பும் ஒரே செடி என்பதை 1840-களில் சீனாவில் கண்டறிந்து வெள்ளைக்காரருக்குச் சொன்னவர் ராபர்ட் ஃபார்ச்சூன். ஏற்றுமதிப் பச்சைத் தேயிலையில் நீலச் சாயமும் சுண்ணப் பொடியும் கலப்பதையும் அவர் நேரில் கண்டார். 1848-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அவரை மீண்டும் அனுப்பியது. சீன உடையில் மாறுவேடமிட்டு மலைநாடுகளில் அலைந்து, விதைகளையும் நாற்றுகளையும் திரட்டி, 1851-ஆம் ஆண்டில் சீனத் தொழிலாளர் சிலரோடு அவற்றை இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றார். ஃபார்ச்சூன் பெயர் எல்லா நூல்களிலும் உள்ளது. இலையைப் பக்குவப்படுத்தத் தெரிந்த அத்தொழிலாளர்களின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதில் பினாங்குக்கும் ஒரு பங்கு உண்டு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்து சாலை போட வைத்தார்கள் அல்லவா? அதேபோல் இங்கிருந்து சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலர் நீலகிரியின் நடுவட்டத்தில் கொயினா மரத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். தேயிலை செய்யவும் கைதிகள் சொல்லிக் கொடுத்ததாக நீலகிரியில் இன்றும் பேச்சு உண்டு. விடுதலைக்குப் பின் சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்ததை எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார்.

நம் நாட்டில் கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ஆம் ஆண்டு தொடங்கிய தோட்டத்துக்கு ‘போ’ என்று பெயர். ஃபூஜியனின் வூயீ மலையை அப்பகுதியினர் ஒலிப்பதைக் கேட்டு ஆங்கிலேயர் ‘போஹி’ என்றார்கள். அதிலிருந்துதான் இப்பெயர் என்கிறார்கள். அந்தச் சரிவுகளில் பல்லாண்டுகள் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர். பிறகு கத்தரியும் இயந்திரமும் வந்தன. வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்தார்கள். கையால் கிள்ளிய காலத்துப் பாட்டிமார் சிலர் இன்னும் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் இருக்கிறார்கள். உறவினர் அங்கே உள்ள பிள்ளைகள் அடுத்த விடுமுறையில் போய், நாளைக்கு எத்தனை கூடை, கூடைக்கு என்ன கூலி என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.