இல்லத்தார் கட்டிய மரக்கலம்

கப்பல் கட்டுதல் என்றவுடன் பெருந்துறைமுகமும் தச்சர் கூட்டமும் உலைக்களமுமே நம் மனக்கண்முன் தோன்றும். எனினும், தங்கிய கரையையே பட்டறையாகக் கொண்டு, ஒரு குடும்பத்தார் தம் கைகளாலேயே மரக்கலம் சமைத்து ஊர் திரும்பிய வரலாறும் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் அறியத்தக்க வரலாறு அது.

ஜாஷுவா ஸ்லோகம் 1844-ஆம் ஆண்டு, இன்றைய கனடாவைச் சேர்ந்த நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பின்னர் அமெரிக்கக் குடிமகனாகிக் கப்பல் தலைவராக உயர்ந்தவர். மனைவி ஹெட்டி, புதல்வர்கள் விக்டர், கார்பீல்டு ஆகியோருடன் 'அக்விட்நெக்' என்னும் சொந்தக் கப்பலில் அவர் தென் அமெரிக்கக் கரையோரம் வாணிகம் செய்துவந்தார். 1887-ஆம் ஆண்டின் இறுதியில், பிரேசிலின் பரனகுவா விரிகுடாவில் அக்கப்பல் மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. அதற்கு இன்ஷ்யூரன்ஸ் இல்லை. சிதைவை விற்று மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுத்தபின், அந்நியக் கரையில் அக்குடும்பம் கைப்பொருளின்றி நின்றது.

பிறர் தயவில் ஊர் சேர ஸ்லோகம் விரும்பவில்லை. ஒரு கோடரி, ஒரு வாய்ச்சி, இரண்டு ரம்பங்கள், துறப்பணம், அரம் ஆகியவையே அவரிடமிருந்த கருவிகள். பாய் தைக்கும் ஊசிகளும் ஆணித்துளையிடும் கருவிகளாயின. உடைந்த கப்பலின் மரங்களும் அருகிலிருந்த காட்டு மரங்களும் பலகைகளாயின. மூத்த மகன் விக்டர் தச்சுவேலைக்கும் கயிறு திரிக்கவும் துணை நின்றான். ஹெட்டி பாய்களைத் தைத்தார். அமெரிக்க மீனவர் படகின் நினைவையும் ஜப்பானியப் படகொன்றின் படத்தையும் துணையாகக் கொண்டு, 35 அடி நீளமும் ஏழரை அடி அகலமும் உடைய மரக்கலம் உருவாயிற்று. கவிழாதிருக்க அதன் இருபுறமும் மூங்கில்களைக் கட்டினர்.

1888 மே 13-ஆம் நாள் மரக்கலம் நீரில் இறங்கியது. பிரேசிலில் அடிமை முறையை ஒழித்த சட்டம் நிறைவேறியதும் அந்நாளே. ஆதலால் அதற்கு, 'விடுதலை' எனப் பொருள்படும் 'லிபர்தாதே' என்று பெயரிட்டனர்.

ஜூன் 24-ஆம் நாள் பயணம் தொடங்கிற்று. தொடக்கத்திலேயே சூறைக்காற்று பாய்களைக் கிழித்தது. புதியன தைத்துக்கொண்டு மேற்சென்றனர். ஏறக்குறைய 5,500 மைல் கடந்து, அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் தென் கரோலினாக் கரையை அடைந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் வாஷிங்டன் நகரம் சேர்ந்தனர்.

பின்னாளில் ஸ்லோகம், வயல்வெளியில் உளுத்துக் கிடந்த 'ஸ்ப்ரே' என்னும் படகைத் தம் கையாலேயே புதுப்பித்து, 1895 முதல் 1898 வரை அதில் தனியே உலகைச் சுற்றிவந்தார். உலகம் பெரிதும் போற்றுவது அச்செயலையே. ஆயினும், தனி ஒருவரின் துணிவைக் காட்டிலும் ஒரு குடும்பத்தின் உழைப்பு நமக்கு நெருக்கமானது. உடைமை அனைத்தும் போனபின்னும், அறிந்த தொழிலும் உடன் உழைக்கும் உறவும் எஞ்சுமாயின், அந்நியக் கரையும் ஒரு பட்டறையாகும்.