ஆஸ்பிரினும் ஒரு பெயர் நீக்கமும்

ஆஸ்பிரின் பிறந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், மூட்டுவலியில் கிடந்த அப்பா, வயிற்றைப் புரட்டிய சாலிசிலேட் மருந்து, மகனின் பாசம், 1897இல் புது மருந்து. நம்ம சினிமா தோற்றுப்போகும். இந்தக் கதை அச்சேறியதோ 1934இல், ஒரு தொழில்துறை வரலாற்று நூலின் அடிக்குறிப்பாக. அதாவது ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த மறுவருஷம். இந்தத் தேதிதான் என்னை உறுத்துகிறது.

செய்யப்பட்டது சின்ன மாற்றம். சாலிசிலிக் அமிலத்தின் ஹைட்ராக்சில் தொகுதியில் ஓர் அசிட்டைலைக் கோர்த்தார்கள். மருந்தின் கடுமை குறைந்தது. 1853லேயே ஜெரார் என்ற பிரெஞ்சுக்காரர், தூய்மையற்ற வடிவில்தான் என்றாலும், இதைச் செய்துவிட்டார். (இன்றும் இந்த மூலக்கூறை விட்டபாடில்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனைக் கூட்ட வேறு தொகுதிகளைக் கோர்த்துப் பார்க்கிறார்கள்.) 1897 ஆகஸ்டில் பேயர் கம்பெனியின் ஆய்வுக்கூடம் மார்ஃபினுக்கும் இதே அசிட்டைல் வேலையைச் செய்தது. அதற்கு வைத்த பெயர் ஹெராயின். அதற்குப் பின்னால் எந்த அப்பாவின் வலியும் சொல்லப்படுவதில்லை.

அதே ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஐஷன்க்ரூன் இருந்தார். யூதர். தான் சொல்லித்தான் ஹாஃப்மன் அதைத் தயாரித்தார், நோக்கம்கூட அவருக்குத் தெரியாது என்பது இவர் வாதம். மருந்து இதயத்துக்குக் கெடுதல் என்று மருந்தியல் தலைவர் டிரேசர் ஒதுக்கியபோது, தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்ததாகவும் எழுதினார்.

ஆசிரியன் என்பது ஒரு செயல்பாடு என்று ஃபூக்கோ 1969இல் சொன்னதை நாம் கவிதை விமர்சனத்துக்கு மட்டுமே பயன்படுத்திவிட்டோம். ஐஷன்க்ரூனிடம் வந்து பாருங்கள். மருந்தின் கதையில் அவர் பெயர் இல்லை. ஆனால் அவர் பெயரோடு ‘இஸ்ரேல்’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போடுகிறார்கள். யூத ஆண்கள் எல்லோருக்கும் அதுதான் கதி. ஒரு கடிதத்தில் அதை எழுதாமல் விட்டார் என்று 1943இல் சிறை. 1944இல் தெரேசியன்ஷ்டாட் முகாம். அங்கிருந்து ஐ.ஜி. ஃபார்பெனுக்கு எழுதுகிறார்: ஆஸ்பிரின் என்னுடையது, என்னை விடுவியுங்கள். பேயர் அப்போது அந்தக் கூட்டு நிறுவனத்துக்குள் இருந்தது. ஆஷ்விட்ஸில் கைதிகளை வைத்து ஆலை கட்டியதும் அதே ஐ.ஜி. ஃபார்பென்தான். ஆசிரியனின் மரணத்தை நாம் கொண்டாடிக்கொண்டிருந்தோம். இந்த மனிதருக்கு உயிர் பிழைக்க ஆசிரியராக இருப்பது தேவைப்பட்டது.

ஆய்வுக்கூடக் குறிப்பேடு ஹாஃப்மனுடையது. 1900இல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமையும் அவர் பெயரில்தான். இவற்றை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ‘ஐஷன்க்ரூன் ஏன் முன்னாடியே சொல்லவில்லை?’ என்று கேட்கிறவர்களிடம் ஒரு எதிர்க்கேள்வி: 1934க்குப் பிறகு ஒரு யூதர் ஜெர்மனியில் எங்கே போய்ச் சொல்வது? அதற்கு முன்பும், 1899இல் டிரேசர் வெளியிட்ட கட்டுரையில் ஹாஃப்மன், ஐஷன்க்ரூன் இருவர் பெயருமே கிடையாது. அப்போது பெயருக்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. கம்பெனி என்ற பெயரே போதுமானதாக இருந்தது.

முகாமிலிருந்து உயிரோடு மீண்ட ஐஷன்க்ரூன் 1949இல் தன் தரப்பைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். 2000இல் வால்டர் ஸ்னீடர் என்ற மருந்தியல் வரலாற்றாசிரியர் ஆவணங்களைப் புரட்டி, அவர் சொன்னது நம்பத்தக்கதே என்று எழுதினார். பேயர் மறுத்தது.