ஓப்பீர் எங்கே?

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் நின்று, இவ்வூரின் பெயர் யாது என்று வினவினால், விடை கூறுபவர் எந்தக் காலத்தவர் என்பதைப் பொறுத்தே விடை அமையும். பதினேழாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இதனைக் கைப்பற்றிய பீஜப்பூர்ப் படையினர் ‘பாதுஷாபாத்’ என்றனர். 1677இல் வந்த மராத்தியர் ‘சந்தி’ என்றனர். நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் கோட்டையை வென்றபோது, அவருடைய ‘நுஸ்ரத் ஜங்’ என்னும் விருதுப் பெயரால் இது ‘நுஸ்ரத்கட்’ ஆயிற்று. ஆங்கிலேயர் ‘ஜிஞ்ஜி’ என்று எழுதினர். ஆள வந்தவர் எழுதிவைத்த பெயர்கள் ஏடுகளில் தங்கிவிட்டன. உழவரும் வணிகரும் வழங்கிய ‘செஞ்சி’ மட்டுமே மண்ணில் நின்றது.

செஞ்சிக்கு வடக்கே, மயானக் கொள்ளைத் திருவிழாவால் நாடறிந்த மேல்மலையனூர் இருக்கிறது. மேல், மலையன், ஊர் என்று பிரித்தால் நமக்குப் பொருள் விளங்கும். ஆயின் தமிழறியாத மாலுமி ஒருவன் அப்பெயரைக் காதால் கேட்டு, உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் எழுதாத பழைய எபிரேய முறையில் மெய்யெழுத்துகளை மட்டும் குறித்துவைத்தான் என்று கொள்வோம். மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அந்த நாலைந்து எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைத் தேடுபவர் எங்கே போய் நிற்பார்? ஒலி ஒத்த ஊர்கள் உலகில் ஆயிரம் உண்டு. எபிரேய வேதநூல்கள் கூறும் ஊர்களைத் தேடியவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதுவே. அவற்றுள் தமிழ்நாட்டோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஊர் ஒன்று உண்டு. அதுவே ஓப்பீர்.

சுலைமான் நபியின் கப்பல்கள்

காற்று ஹஜ்ரத் சுலைமான் (அலை) அவர்களுக்கு வசப்படுத்தப்பட்டிருந்ததைத் திருக்குர்ஆன் கூறுகிறது. ஓப்பீர் என்னும் பெயர் அதில் இல்லை. யூதர்களின் அரசர் வரலாற்று நூலே அதனைக் கூறுகிறது. செங்கடற் கரையில் ஏலோத்துக்கு அருகிலுள்ள எசியோன் கேபேரில் சுலைமான் கப்பல்களைக் கட்டினார். தீரு நாட்டு மன்னன் ஈராம் தன் மாலுமிகளை அனுப்பினான். அவர்கள் ஓப்பீருக்குச் சென்று 420 தாலந்து பொன் கொண்டுவந்தனர் என்பது அதன் செய்தி. அதே செய்தியைச் சொல்லும் மற்றொரு நூல் 450 தாலந்து என்கிறது. வேறோரிடத்தில், தர்ஷீசின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, ‘துக்கீம்’ ஆகியவற்றைக் கொணர்ந்தன என்று வருகிறது.

இந்தத் ‘துக்கீம்’ என்னும் சொல்தான் தமிழரின் கவனத்தை ஈர்த்தது. பழைய மொழிபெயர்ப்புகள் இதற்கு மயில்கள் என்று பொருள் கொண்டன. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், இது தமிழ்த் ‘தோகை’யே என்று எழுதினார். மயில் நம் நாட்டுப் பறவையாதலின் இக்கருத்து வேரூன்றியது. பின்வந்தோர் ஒருபடி மேலே சென்று, நெல்லைக் கடற்கரையிலுள்ள உவரியே ஓப்பீர் என்றனர். நம்முள்ளும் இதனைப் பெருமையுடன் எடுத்துரைப்போர் உண்டு. இறைத்தூதர் ஒருவரின் கப்பல்கள் நம் கரையைத் தொட்டன என்றால் எவருள்ளம்தான் மகிழாது? ஆயினும் மகிழ்ச்சி வேறு, சான்று வேறு.

மூன்று சாட்சிகள்

பழைய ஊரொன்றை இன்ன இடம் என்று துணிவதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். ஏடு சொல்லும் திசையும் தொலைவும் பொருந்த வேண்டும். அவ்விடத்து மக்களின் நாவில் பெயர் வாழ வேண்டும். மண்ணைத் தோண்டினால் அக்காலத்துப் பொருள்கள் கிடைக்க வேண்டும்.

1838இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன், அரபி நன்கறிந்த ஈலி ஸ்மித் என்பவருடன் பாலஸ்தீனத்தில் பயணம் செய்தார். யாத்திரிகர்களுக்குக் காட்டுவதற்கென்று நிறுவப்பட்ட இடங்களை விட, உழவர்களும் ஆட்டிடையர்களும் தங்கள் ஊரை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையே அவர் பெரிதும் நம்பினார். எரேமியாவின் ஊராகிய அனாதோத் ‘அனாதா’வாகவும், மிக்மாஸ் ‘முக்மாஸ்’ ஆகவும், பெத்தேல் ‘பைதீன்’ ஆகவும் அரபு மக்களின் பேச்சில் உயிரோடிருப்பதைக் கண்டார். கிபியோன் என்னும் பழம்பதி ‘அல்ஜீப்’ என்னும் சிற்றூரே என்பதும் அவ்வாறே விளங்கியது. எபிரேயத்தின் ககர ஒலி அரபியில் ஜகரமாகும். ஈற்று ‘ஓன்’ தேய்ந்து மறையும். 1956 முதல் 1962 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சார்பில் ஜேம்ஸ் பிரிட்சர்ட் அங்கு அகழ்ந்தபோது, பாறையைக் குடைந்த பெரிய நீர்த்தொட்டி ஒன்றிலிருந்து கிபியோன் என்று பெயர் பொறித்த சாடிக் கைப்பிடிகள் 31 வெளிப்பட்டன. ஏடும் நாவும் மண்ணும் அங்கே ஒன்றுபட்டன.

நம் கரையிலும் இம்முறை பயன் தந்திருக்கிறது. செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆறு புதுச்சேரிக்கருகில் கடலை அடைகிறது. அதன் கிளையாகிய அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. கிரேக்கப் பெரிப்புளூஸ் நூல் கூறும் ‘பொதுக்கே’ இதுவே என்பர். 1945இல் வீலர் அங்கு அகழ்ந்து, இத்தாலிய மட்கலங்களையும் மதுச்சாடிகளையும் வெளிக்கொணர்ந்தார். அதே நூலின் ‘சோபத்மா’ சோபட்டினமாகிய மரக்காணம் என்பது பலர் துணிபு. சங்க இலக்கியம் அதனை எயிற்பட்டினம் என்கிறது. சோ என்றாலும் எயில் என்றாலும் மதிலே. ஒலி மாறினும் பொருள் தங்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பெயர் இடம்பெயர்வதும் உண்டு. மார்க்கோ போலோ கண்ட ‘காயல்’ துறைமுகத்தைத் தேடிய கால்டுவெல், தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலக விலக, கொற்கையின் வாணிகம் காயலுக்குச் சென்றதை விளக்கினார். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என ஒரே பெயரை இன்று மூன்று ஊர்கள் தாங்கி நிற்கின்றன. ஒலியொப்புமை ஒன்றையே நம்பினால் இம்மூன்றுக்குள்ளேயே வழிதவற நேரும்.

அறிஞரும் தவறுவர்

சுலைமானின் கப்பல்கள் புறப்பட்ட துறையைப் பாருங்கள். ஏலோத் என்னும் பெயர் இஸ்லாமிய வரலாற்றில் ‘அய்லா’வாக வருகிறது. தபூக் பயணத்தின்போது அவ்வூர்த் தலைவருடன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டதை நாம் அறிவோம். அய்லாவின் கணவாய் என்னும் பொருளுடைய ‘அகபத் அய்லா’ என்பதே சுருங்கி இன்றைய அகபா ஆயிற்று. அங்கே, தல் அல்கலைஃபி என்னும் மேட்டில் 1938 முதல் 1940 வரை நெல்சன் குளூக் அகழ்ந்தார். எசியோன் கேபேரையும் சுலைமானின் செம்பு உருக்காலையையும் கண்டுவிட்டதாக அறிவித்தார். உலகம் வியந்தது. பின்னர் 1965இல், அது உருக்காலையன்று என்று அவரே ஒப்புக்கொண்டார். 1980களில் அங்குக் கிடைத்த மட்கலங்களை மீண்டும் ஆராய்ந்தபோது, அவை சுலைமானின் காலத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிற்பட்டவை என்பது தெரியவந்தது. ஏடு காட்டிய இடந்தான், மண் ஒப்பவில்லை. தம் முடிவைத் தாமே திருத்திக்கொண்ட அவ்வறிஞரின் நேர்மை போற்றத்தக்கது.

உவரியின் வழக்கு

இனி உவரிக்கு வருவோம். ஓப்பீர் கற்பனையூர் அன்று. இன்றைய டெல் அவீவில் உள்ள தல் கசீலே மேட்டில் 1946இல் கிடைத்த ஓட்டுச் சில்லு ஒன்று, ஓப்பீர்ப் பொன் முப்பது சேக்கல் என்று கணக்குக் குறிக்கிறது. அது கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஓப்பீரை இந்தியாவில் தேடுவதும் இன்று நேற்று எழுந்ததன்று. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், அஃது இந்தியாவைச் சேர்ந்த பொன்னாடு என்றார். எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேசின் பதப்படுத்திய உடலில் மிளகு காணப்பட்டது. ஆகவே சுலைமானுக்கு முன்பே நம் நாட்டுச் சரக்கு மேற்கே சென்றிருக்கிறது.

ஆயினும் இவை யாவும் உவரியைச் சுட்டவில்லை. ‘துக்கீம்’ வரும் வசனம் தர்ஷீசின் கப்பல்களைப் பற்றியது. ஓப்பீரை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அச்சொல் மயிலைக் குறிக்காது, எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கைக் குறிக்கும் சொல்லே என்று ஆல்பிரைட் போன்ற அறிஞர் கூறினர். உவரி என்பதோ உவர்நீரையும் கடலையும் குறிக்கும் தூய தமிழ்ச்சொல். தன் பொருளைத் தானே விளக்கி நிற்கும் பெயருக்கு வேறு மூலம் தேட வேண்டுவதில்லை. மேலும் தவ்ராத்தின் முதல் நூல், யொக்தானின் மக்களுள் சேபா, அவிலா ஆகிய அரபுப் பெயர்களுக்கு நடுவே ஓப்பீரை வைக்கிறது. 1976இல் புவியியலாளர் சிலர் ஹிஜாசிலுள்ள மஹ்துத் தஹப், அதாவது ‘பொன்னின் தொட்டில்’ என்னும் பழஞ்சுரங்கமே ஓப்பீர் என்றனர். போர்த்துகேயர் ஆப்பிரிக்கச் சோபாலாவைக் காட்டினர். பம்பாய்க்கருகிலுள்ள சோபாராவைக் காட்டியோரும் உளர். அரபுக் கரைக்குரிய சான்று சற்று வலிதெனினும், இவற்றுள் எதற்கும் மூன்று சாட்சிகளும் ஒருங்கே அமையவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே நேர்மையான தீர்ப்பு.

ஹதீஸ் கலையில் செய்தியை மட்டுமன்றி அறிவிப்பாளர் தொடரையும் நிறுத்துப் பார்த்த சமுதாயம் நாம். திருக்குர்ஆனின் நம்ல் அத்தியாயத்தில், ஹுத்ஹுத் பறவை ஸபஉ நாட்டிலிருந்து உறுதியான செய்தி கொணர்ந்ததாகக் கூறுகிறது. சுலைமான் (அலை) அவர்கள் அதனை உடனே ஏற்றார்களா? உண்மை சொன்னாயா, பொய் சொன்னாயா என்று பார்ப்போம் எனக் கூறி, கடிதம் கொடுத்து அனுப்பியல்லவா சோதித்தார்கள்! அவர்களுடைய கப்பல்களைப் பற்றிய செய்தியை நாம் சோதிக்காமல் ஏற்பது அந்நபிக்குச் செய்யும் சிறப்பாகாது.

அழியும் சாட்சி

மூன்று சாட்சிகளுள் விரைவில் அழிவது நாவின் சாட்சியே. எபிரேய நூல்களின் அய்யலோன் ‘யாலோ’ என்னும் சிற்றூராக மூவாயிரம் ஆண்டு வாழ்ந்தது. அதன் அண்டையூர் ‘இம்வாஸ்’. ஹிஜ்ரி 18இல் அபூஉபைதா (ரலி), முஆத் (ரலி) ஆகியோரைக் கொண்டுசென்ற ‘அம்வாஸ்’ கொள்ளைநோய் அவ்வூரின் பெயரைத் தாங்கியது. 1967 ஜூன் போரில் இவ்விரண்டு ஊர்களும் பைத் நூபாவும் இஸ்ரேலியப் படையால் இடிக்கப்பட்டு, மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அந்நிலத்தில் பூங்கா அமைந்தது. வேதநூல் அறிஞர்களுக்கு வழிகாட்டிய பெயர்களைக் காத்துத் தந்தவர்கள் அந்த எளிய உழவர்களே.

நம் ஊர்களில் இடிப்பாரின்றியே பெயர்கள் மறைகின்றன. முன்னோர் எழுதிய கிரயப் பத்திரங்களின் நான்கெல்லை விவரத்தில் மேடு, கொல்லை, தாங்கல், துறை என எத்தனை பெயர்கள்! இன்று புல எண் ஒன்றே போதுமானதாகிவிட்டது. செஞ்சியிலும் மரக்காணத்திலும் காயலிலும் வாழும் நம் இல்லங்களில் அத்தகைய பத்திரங்கள் பெட்டிக்குள் செல்லரித்துக் கிடக்கக்கூடும். அவற்றை எடுத்து, அப்பெயர் எந்த இடத்தைக் குறிக்கும் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு எழுதிவைக்கச் செய்யுங்கள். ஓப்பீர் எங்கே என்பதற்கு விடை கிடைக்காமற் போகலாம். நம் ஊர் எங்கே என்று பின்வருவோர் தேடும்போது, இன்ஷா அல்லாஹ், ஒரு சாட்சியேனும் இருக்கட்டும்.