குமரக்கோட்டம் முதல் கொட்டகை வரை

கந்தபுராணம் அரங்கேறிய ஊர் காஞ்சி. குமரக்கோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் நூலைப் படிக்கத் தொடங்கியபோது, முதற்சொல்லின் புணர்ச்சிக்கே விதி கேட்டு அவையோர் தடுத்தனர் என்பதும், வீரசோழியத்தில் விதி காட்டப்பட்ட பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்பதும் வழிவழிச் செய்தி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அந்நூலின் நிறைவுப் பகுதி வள்ளியம்மை திருமணப் படலம். கற்றோர் அவைக்கு உரியதாயிருந்த அக்கதையைத் தரை டிக்கெட் வாங்கியவனுக்கும் உரியதாக்கியவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகச் சென்ற இசை நாடகக் குழுக்களே. இலக்கிய வரலாறு எழுதுவோர் இதனைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

வள்ளிமலையும் திருத்தணிகையும் தொண்டை நாட்டிலேயே உள்ளவை. ஆனால் கதையை மேடைக்கு ஆக்கித் தந்தவர் தென்கோடியில் தூத்துக்குடிக்கு அருகே பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). அவர் யாத்த 'வள்ளி திருமணம்' போல் அடிக்கடி மேடையேறிய தமிழ் இசை நாடகம் வேறொன்றைச் சொல்வது கடினம்.

நாடகக் கம்பெனிகள் திரைகளையும் பெட்டிகளையும் ரயிலில் ஏற்றிச் சென்றன. காஞ்சிக்கோ 1865லேயே அரக்கோணத்திலிருந்து இருப்புப்பாதை வந்துவிட்டது. கீற்றுக் கொட்டகை; தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வரிசை; மேடையின் ஓரத்தில் கால் ஆர்மோனியம். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கடைசி வரிசைக்கும் எட்டாத குரலுக்கு மதிப்பில்லை. தறிக்குழியில் பகலெல்லாம் மிதி மிதித்தவர்கள் இரவு முழுதும் விழித்திருந்து கேட்கும் நாடகம் அது. பாட்டு பிடித்தால் 'ஒன்ஸ்மோர்'. கதை நின்று பாட்டு மீண்டும் தொடங்கும்.

இந்நாடகத்தின் உயிர்நிலை நாரதர் தர்க்கம். புராணத்தில் நாரதர் தினைப்புனத்தில் வள்ளியைக் கண்டு வியந்து, தணிகைக்குச் சென்று முருகனிடம் உரைக்கிறார், அவ்வளவே. மேடையிலோ அச்சிறு நிகழ்ச்சி மணிக்கணக்கில் வளர்ந்தது. ஆண் உயர்வா பெண் உயர்வா, இல்லறமா துறவறமா என்று வாதம் நீளும். 'ஸ்பெஷல் நாடகம்' எனப்பட்ட முறையில் நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து அன்றைய இரவுக்கு மட்டும் ஒப்பந்தமாகி வந்தனர். ஒத்திகை இல்லை. எதிரில் நிற்பவர் எதைக் கேட்பார் என்பது மேடையேறும் வரை தெரியாது. பாடலறிவும் சொல்வன்மையும் இல்லாத வள்ளி அவ்விடத்திலேயே தோற்றுப்போவாள். பகலில் 'கூத்தாடி' என்று இகழப்பட்ட பெண், இரவில் ஊரார் முன்னிலையில் தமிழால் ஒரு முனிவரை மடக்கினாள். குமரக்கோட்டத்து அவை புலவரைச் சோதித்தது. கொட்டகை அவளைச் சோதித்தது. இரண்டாவது சோதனையை எளிதென்று கருத இடமில்லை.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் இலங்கையில் இணைந்து மேடையேறி, மறு ஆண்டு மணம் புரிந்தனர். அவர்கள் பாட்டைக் கேட்கவே வந்தவர்கள் பலர். கதை அவர்களுக்கு ஒரு சாக்கு. கிட்டப்பா 1933இல், முப்பது வயதை எட்டாமலே மறைந்தார். அதே ஆண்டில் டி.பி. ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' பேசும் படமாக வந்தது. படத்து வள்ளியிடம் 'ஒன்ஸ்மோர்' கேட்க முடியாது. அவளை எவரும் மடக்கவும் முடியாது.

பின்னர் உரைநடை மேலோங்கிற்று. அதில் காஞ்சிக்கும் பங்குண்டு. இவ்வூரில் பிறந்த சி.என். அண்ணாதுரை 1943இல் 'சந்திரோதயம்' நாடகம் தந்தார். வாதம் பாட்டை விட்டு வசனத்தில் ஏறிக்கொண்டது.

ஸ்பெஷல் நாடகம் மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் நடைபெறுகிறது. காஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் விடிய விடிய நிற்பது கூத்து. முகவீணையோடு ஆர்மோனியமும் அங்கே அமர்ந்திருக்கிறது. ஆனால் கூத்து மேடை நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாயிருந்தது. பெண் வேடமும் ஆண்களே கட்டினர். காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் சிறுமியரும் கிரீடம் தாங்கி, அடவும் பாட்டும் பயின்றனர்.