கறுப்புத் தட்டின் கதை – 11: அழிந்த நாடாவும் ஐயாயிரம் பிரதிகளும்

1978-ஆம் ஆண்டின் கடைசி இரண்டு நாள்கள். கிழக்கு லண்டனைச் சேர்ந்த இளைஞர் குழு ஒன்று கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்பேஸ்வர்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் நான்கு பாட்டுகளைப் பதிவுசெய்தது. மூல நாடாவைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 50 பவுண்டு தர வேண்டும். அவ்வளவு பணம் அவர்களிடம் இல்லை. இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது நாடா அழிக்கப்பட்டிருந்தது. மிஞ்சியது, பதிவு முடிந்ததும் கையோடு கொண்டுவந்த நகல் மட்டும்தான்.

அந்தக் குழுதான் அயர்ன் மெய்டன். நகல் கேசட் ஒன்று நீல் கே என்ற டிஜேவின் கைக்குப் போனது. வடமேற்கு லண்டனின் கிங்ஸ்பரியில், ஒரு மதுக்கடையின் பின்கூடத்தில் ஹெவி மெட்டல் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தவர் அவர். அந்த இடத்துக்கு சவுண்ட்ஹவுஸ் என்று பெயர். வருகிறவர்கள் எந்தப் பாட்டைக் கேட்கிறார்களோ அதை வைத்து அவர் போட்ட வரிசைப் பட்டியலை ‘சவுண்ட்ஸ்’ வார இதழ் அச்சிட்டது. தட்டாக வெளிவராத ஒரு பாட்டு அந்தப் பட்டியலில் மேலே ஏறியது. கேட்டவர்களெல்லாம் “எங்கே கிடைக்கும்?” என்று நச்சரிக்க, 1979 நவம்பர் 9 அன்று குழுவே ‘தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’ என்ற பெயரில் மூன்று பாட்டுகளைச் சின்னத் தட்டாக்கி வெளியிட்டது. போட்டது 5,000 பிரதிகள். பெரும்பாலும் தபாலில்தான் விற்றார்கள். முதல் வாரத்திலேயே 3,000 போய்விட்டது. பெரிய கடைகள் இன்னும் கேட்டன; குழு மறுபதிப்புப் போடவில்லை. டிசம்பரில் இஎம்ஐ நிறுவனத்துடன் ஒப்பந்தமாகிவிட்டது.

இன்று உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் தேடுகிற தட்டு இது. ஆனால் இந்த வாரம் நான் பேச வந்தது, இதேபோலத் தட்டு போட்டு அதற்குமேல் ஓரடிகூட நகர முடியாமல் போன நூற்றுக்கணக்கான குழுக்களைப் பற்றி.

1979 மே மாதம், லண்டன் கேம்டனில் உள்ள மியூசிக் மெஷின் அரங்கில் ஏஞ்சல் விட்ச், அயர்ன் மெய்டன், சாம்சன் ஆகிய மூன்று குழுக்கள் ஒரே இரவில் வாசித்தன. அதைப் பற்றி ஜெஃப் பார்ட்டன் எழுதிய கட்டுரைக்கு ‘சவுண்ட்ஸ்’ ஆசிரியர் ஆலன் லூயிஸ் ‘பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை’ என்று பெயர் வைத்தார். பெயர் லண்டனில் பிறந்தது. அலை எழுந்தது பெரும்பாலும் வெளியூர்களில்: ஷெஃபீல்டில், ஸ்டவர்பிரிட்ஜில், டைன் நதிக்கரையில். எஃகு ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டுகொண்டிருந்த ஊர்கள் இவை. 1980 செப்டம்பரில் டர்ஹம் மாவட்டத்தின் கான்செட் எஃகு ஆலை மூடப்பட்டது. 1982 தொடக்கத்தில் நாட்டின் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. இந்தக் குழுக்களின் பாட்டில் அரசியல் குறைவு. ஆனாலும் அந்த வேகத்தையும் அவசரத்தையும் அந்தத் தெருக்களிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

பெரிய நிறுவனங்கள் அந்த ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் பங்க் குழுக்கள் காட்டிய வழி இருந்தது: காசு திரட்டு, ஒருநாள் கூடம் எடு, நீயே தட்டு போடு. ஷெஃபீல்டின் டெஃப் லெப்பர்ட் 1978 நவம்பரில் ஹல் நகரில் பதிவுசெய்து, அடுத்த ஜனவரியில் தன் சொந்த லேபிளில் முதலில் போட்டது 1,000 பிரதிகள். பிபிசியில் ஜான் பீல் அதை ஒலிபரப்பினார். அதே ஆண்டில் பெரிய நிறுவனம் ஒன்று அவர்களை எடுத்துக்கொண்டது. இந்த ஒரு வெற்றி எத்தனை ஊர்ப் பையன்களுக்கு ஆசை காட்டியிருக்கும்!

சவுத் ஷீல்ட்ஸ் ஊரின் மித்ரா, 1979-இல் கார்டியன் என்ற உள்ளூர் லேபிளில் ‘டெத் அண்ட் டெஸ்டினி’யை வெளியிட்டது. சஃபோக் பக்கத்து ட்ரெஸ்பாஸ் அதே ஆண்டில் ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ போட்டது. பெல்ஃபாஸ்டில், குண்டுவெடிப்புகளுக்கு நடுவே, ஸ்வீட் சாவேஜ் 1981-இல் ஒரு சிங்கிள் கொண்டுவந்தது. நியூகாசிலை அடுத்த வால்சென்ட் கப்பல் கட்டும் ஊர். அங்கே டேவிட் வுட் நடத்திய இம்பல்ஸ் கூடத்திலிருந்து நீட் ரெக்கார்ட்ஸ் கிளம்பி, டைகர்ஸ் ஆஃப் பான் டாங், ரேவன், வெனம் என்று வரிசையாகத் தட்டு போட்டது. லண்டனின் தயவே இல்லாமல் ஒரு சிற்றூர்க் கூடம் உலக இசையின் போக்கைத் திருப்பியது என்றால் அது நீட்தான். வெனம் இல்லாமல் பிளாக் மெட்டல் என்ற பெயரே இல்லை.

சேகரிப்புக்கு வருவோம். நம் வீடுகளில் சினிமாப் பாட்டு ஓடிய அதே 7 அங்குலத் தட்டுதான். பாட்டைப் பதிவுசெய்யவே பணம் போதாதபோது அச்சிட்ட அட்டைக்கு எங்கே போவது? அதனால் பலதும் வெற்றுக் காகித உறையிலேயே விற்கப்பட்டன. பட உறை போட்ட சில பிரதிகள் உறையோடு பிழைத்திருந்தால் விலை பல மடங்கு. உள்ளே பாட்டு வரி அச்சிட்ட தாள் இருந்தால் இன்னும் மேலே. கடைசி வரிப்பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும். அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து, அங்கே கீறியிருக்கும் எண்களை அனுபவசாலி முதலில் படிப்பார். எந்த அச்சிலிருந்து வந்தது, முதல் பதிப்பா, போலியா என்பதற்கு அதுதான் சாட்சி. ‘சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’ போலிகள் ஏராளம். உறையைப் பார்த்து மட்டும் வாங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தத் தட்டுகளைத் தபாலில் வரவழைத்துக் கேட்ட டென்மார்க்குப் பையன் ஒருவன், 1981-இல் 17 வயதில் விமானம் ஏறி இங்கிலாந்துக்கே வந்து, டயமண்ட் ஹெட் குழுவினர் வீட்டில் தங்கிவிட்டுப் போனான். பெயர் லார்ஸ் உல்ரிக். அதே ஆண்டு அவன் தொடங்கிய குழு மெட்டாலிக்கா. டயமண்ட் ஹெட், பிளிட்ஸ்க்ரீக், ஸ்வீட் சாவேஜ், எடின்பரோவின் ஹோலோகாஸ்ட் ஆகியோரின் பாட்டுகளை மெட்டாலிக்கா பின்னாளில் பாடி உலகமெங்கும் கொண்டுபோனது. ஒரு ரசிகனின் தட்டுப் பெட்டி இசை வரலாற்றை மாற்றியதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

1983-க்குள் அலை அடங்கிவிட்டது. பையன்கள் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் ஆயிற்று, லேபிள்கள் மூடின. யார் கிதார் வாசித்தார், எந்த ஊர், எத்தனை பிரதி என்ற விவரங்களை ஒவ்வொரு தட்டாகத் துரத்திச் சேர்த்தவர்கள் சேகரிப்பாளர்களே. மால்க் மேக்மில்லன் தொகுத்த கனமான கலைக்களஞ்சியம் 2001-இல் வந்தபோது அதை வெளியிட்டது பெர்லினின் அயர்ன் பேஜஸ். இங்கிலாந்தின் சொந்தக் கதைக்கு ஜெர்மனியில் பதிப்பாளர் கிடைத்தார்.

ஆகவே, பிளாஸ்டிக் உறையில் பூட்டி விலை ஏறக் காத்திருப்பவரை நான் சேகரிப்பாளர் என்று சொல்லமாட்டேன். தட்டை ஓடவிட்டு, பழைய உறுப்பினரைத் தேடிப்பிடித்து, பெயர்களை எழுதிவைத்தவருக்கே அந்தப் பெயர் பொருந்தும். நாடா அழிந்த இடத்தில் தட்டு மட்டும்தான் மூலம்.

வாசகர்கள் தட்டு தேடி அலைய வேண்டாம். மறுபதிப்புகள் எளிதில் கிடைக்கின்றன. மித்ராவின் ‘டெத் அண்ட் டெஸ்டினி’யில் தொடங்குங்கள். பிறகு ஸ்வீட் சாவேஜின் ‘கில்லிங் டைம்’. கடைசியாக டயமண்ட் ஹெட்டின் ‘ஆம் ஐ ஈவில்?’. சத்தத்தைக் குறைக்காமல் கேளுங்கள்.

(தொடரும்)