நிழலைப் பேசவைத்த 'அந்த நாள்'



மண்ணெண்ணெய் விளக்கை முகவாய்க்கட்டைக்குக் கீழே பிடித்துச் சிறுவர்கள் ஒருவரையொருவர் பயமுறுத்துவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். முகம் என்னவோ அதே முகந்தான். வெளிச்சம் வரும் திசை மாறியதும் அது பேய் முகமாகிவிடுகிறது. திரைப்பட இயக்குநர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வித்தையும் இதுவே.

இவ்வித்தையில் பேர்பெற்றவர்கள் ஜெர்மானியர்கள். 1920இல் வந்த 'டாக்டர் காலிகாரி' என்னும் பேசாப் படத்தில் நிழல்களைக் காட்சிச் சுவர்களில் சாயத்தால் தீட்டியே வைத்தார்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அந்நாட்டுத் திரைக் கலைஞர் பலர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தனர். 1940களில் அங்கு எடுக்கப்பட்ட குற்றக் கதைகளில் அந்த இருளும் குடியேறிற்று.

தமிழில் அதனைத் துணிந்து கையாண்டவர் எஸ். பாலசந்தர். ஆம், வீணை வித்துவான் பாலசந்தரேதான். ஏவி.எம். நிறுவனத்துக்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வெளிவந்தது. சங்கீத வித்துவான் எடுத்த அப்படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது!

சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. படம் தொடங்கியதுமே ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன் சுடப்பட்டு விழுகிறான். அவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். சுட்டவர் யார்? மனைவி, தம்பி, தம்பி மனைவி, அடுத்த வீட்டுக்காரர், ஆசைநாயகி என்று ஐவர் மேலும் சந்தேகம் விழுகிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ராஜனைக் காட்டுகிறார்கள். ஒரே குற்றத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் 'ராஷோமோன்' (1950) என்ற ஜப்பானியப் படம் பாலசந்தருக்குத் தூண்டுகோலாயிற்று.

இங்கேதான் வெளிச்சத்தின் வேலை வருகிறது. முகத்தின் மேல் ஒரு பெரிய விளக்கு விழும். அதனால் உண்டாகும் நிழலைப் போக்க மறுபக்கம் இன்னொரு விளக்கு வைப்பார்கள். சாதாரணப் படங்களில் முகம் பளிச்சென்று தெரிவது இதனால்தான். அந்த இரண்டாவது விளக்கைத் தணித்தால் பாதி முகம் இருட்டில் மூழ்கும். பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று வசனம் சொல்லாமலே நமக்குத் தோன்றும். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் அப்படிப்பட்ட ஒளியில்தான் இந்தப் படத்தை எடுத்தார். நடுவில் பாட்டு வந்திருந்தால் மனம் இளைப்பாறியிருக்கும், இருள் கலைந்திருக்கும்.

ராஜன் பிறவியிலேயே கெட்டவன் அல்லன். ஏழைகளுக்கு மலிவான வானொலிப் பெட்டி செய்ய நினைத்தவன். ஆதரிப்பார் இல்லாமல் கசந்துபோய் ஜப்பானுக்கு உளவு சொல்லத் துணிந்தவன். முழு வெளிச்சத்தில் நிறுத்தினால் அவன் வெறும் துரோகி. பாதி நிழலில் நிற்பதால் நமக்குத் தடுமாற்றம் உண்டாகிறது.

இந்தத் தடுமாற்றம் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிதன்று. அதே 1943இல் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதையில் மாண்டுகொண்டிருந்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அவர் அழைப்பைக் கேட்டு, ஜப்பானியர் துணையோடு நின்ற இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் சேர்ந்தார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்கு ஜப்பான்காரன் எமன். அடுத்த வீட்டுக்கோ விடுதலைக்குத் துணை வந்தவன்.

சுட்டவர் யாரென்று நாம் சொல்லப்போவதில்லை. பாட்டில்லாத படத்தை அன்றைய ரசிகர்கள் பெரிதாக வரவேற்கவில்லை. புகழெல்லாம் பின்னர்தான் வந்தது. பத்தாண்டு கழித்து, 1964இல் பாலசந்தர் எடுத்த 'பொம்மை'யும் மர்மக் கதைதான். அதில் பாட்டுகள் இருந்தன.